நிலா பார்க்க ஒரு மாலை

குடும்பத்தோடு வெளியே போக நீண்ட பயணம்தான் வேண்டுமென்றில்லை. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தையொட்டியே கிழக்கில் நிலா எழும். கொஞ்சம் முன்னதாகவே, கிழக்கே மறைப்பில்லாத மைதானத்துக்கோ மொட்டைமாடிக்கோ போய்விடுங்கள். அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரியும். அது வெறும் கண்மயக்கம்தான். கையை நீட்டி, சுண்டுவிரலால் அதை மறைக்கச் சொல்லுங்கள். மேலே ஏறிய பிறகும் அதே விரல் போதும், பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்! மறுநாள் போவதென்றால் நிலா சராசரியாக 50 நிமிடம் தாமதமாக வரும்.

அப்புறம், டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் என்ற எரிகல் பொழிவு, அதாவது வானில் ஒளிக்கோடுகள் பாய்வது தெரியும். நிலா வெளிச்சம் இல்லாத ஆண்டாக இருந்தால் நல்லது. கண்கள் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும், அதுவரை கைபேசியைத் தொடாதீர்கள். இதுதான் கஷ்டம், அதுவும் பெரியவர்களுக்கு.