‘ஆப்ஸ்டினட்’: பிடிவாதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கையாளும் முறை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் ஆங்கிலத்தைப் பாடநூலில் மட்டுமே சந்தித்து, காதால் கேட்கும் வாய்ப்புக் குறைந்த மாணவர்களை மனத்தில் கொண்டு இவ்விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: ஒலிப்பு

ஓ, பி, எஸ், டி, ஐ, என், ஏ, டி, ஈ என்பவை இதன் எழுத்துகள். எழுத்தைப் பார்த்து ‘ஆப்ஸ்டினேட்’ என்று நீட்டுவோர் பலர். டெலிகட், ஃபார்ச்சுனட் போன்ற பெயரடைகளைப் போலவே இதன் இறுதியையும் குறுக்கி, முதல் அசையை அழுத்தி ஒலிக்க வேண்டும்.

படி 2: பொருளை ஒரு நிகழ்வில் வைத்துப் பார்த்தல்

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது. “மாமா, கூண்டு ஏத்திட்டாங்க, இன்னைக்குப் போக வேண்டாம்” என்கிறான் மருமகன். “நான் பார்க்காத காத்தாடா? வலையை எடு” என்று அவர் நாட்டுப்படகை நோக்கி நடக்கிறார். தக்க காரணம் சொல்லப்பட்டது. அது அவர் காதிலும் விழுந்தது. மறுப்பதற்கு அவரிடம் ஈடான காரணம் இல்லை. ஆயினும் அவர் மாறவில்லை. இவை அனைத்தும் கூடும்போதுதான் ஒருவரை ஆப்ஸ்டினட் என்கிறோம். அதே மாமா, மீன் வியாபாரி எவ்வளவு வற்புறுத்தியும் கூண்டைக் காட்டிக் கடலுக்குப் போக மறுத்திருந்தால், அவரை ‘ஃபர்ம்’, அதாவது உறுதியானவர் என்றே சொல்ல வேண்டும்.

படி 3: அண்டைச் சொற்களைப் பிரித்தறிதல்

‘ஸ்டபர்ன்’ அன்றாடப் பேச்சுக்குரியது. செல்லமாகக் கடியும்போதும் வரும். ஆப்ஸ்டினட் சற்றுக் கடுமையானது, எழுத்து நடைக்கு நெருக்கமானது, பெரும்பாலும் கண்டனம் கலந்தது. நம் ‘வீம்பு’ இதற்கு மிக அருகில் வருகிறது என்பது என் கருத்து. ‘பர்சிஸ்டன்ட்’, ‘டினேஷியஸ்’ ஆகியவை விடாமுயற்சியைப் பாராட்டவும் பயன்படுகின்றன.

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. எனினும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசையிட்டு, மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்து வாழ்ந்து வருகின்றன. தொலைவில் இருந்து பார்ப்பவர் அவர்களை ஆப்ஸ்டினட் என்று எழுதிவிடக்கூடும். ஆனால் பிழைப்பு அந்தக் கடலில் இருக்கும்போது, அங்கே தங்குவதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. ஆகவே டினேஷியஸ் என்பதே அவர்களுக்கு நேர்மையான சொல். பெயரடையைத் தேர்வு செய்யும்போது தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம் என்பதால், எதிராளியின் காரணத்தைக் கேட்காமல் ஆப்ஸ்டினட் என்ற சொல்லை ஒருவர்மீது இடக்கூடாது.

படி 4: வாக்கியத்தில் அமைத்தல்

உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘ஆன்’ வரும்: ‘ஹி இஸ் ஆன் ஆப்ஸ்டினட் மேன்’. எதைப் பற்றிய பிடிவாதம் என்று காட்ட ‘அபௌட்’ சேர்க்கலாம். வாரக்கணக்கில் விடாத இருமல், எவ்வளவு தேய்த்தும் போகாத எஞ்சின் ஆயில் கறை போன்றவற்றுக்கும் இதே சொல் பொருந்தும். அங்கே கண்டனம் இல்லை, எளிதில் நீங்காதது என்பதே பொருள். பெயர்ச்சொல் ‘ஆப்ஸ்டினசி’, வினையடை ‘ஆப்ஸ்டினட்லி’.

படி 5: பயிற்சி

உங்கள் வீட்டில் அண்மையில் நடந்த ஒரு வாக்குவாதத்தை எடுத்துக்கொண்டு, இருதரப்புக் காரணங்களையும் தமிழில் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொருவருக்கும் ஃபர்ம், ஸ்டபர்ன், ஆப்ஸ்டினட் ஆகியவற்றுள் எது பொருந்தும் என்று முடிவு செய்து, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமையுங்கள்.