கொல்கத்தா டெர்பிக்கு முதல் முறை போகிறீர்களா? டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கொல்கத்தாவின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகளான மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டம்தான் கொல்கத்தா டெர்பி. அதற்குப் போனால் உங்களிடம் முதலில் கேட்பது 'எந்த டீம்?' என்பதாக இருக்காது. 'கோட்டியா, பாங்காலா?' என்றுதான் கேட்பார்கள். திருநெல்வேலிக்காரர்கள் கோபப்பட வேண்டாம், அங்கே கோட்டி என்றால் பைத்தியம் இல்லை. தலைமுறை தலைமுறையாக மேற்கு வங்கத்திலேயே இருக்கிற குடும்பம் என்றால் கோட்டி, இன்றைய வங்கதேசத்துப் பக்கமிருந்து வந்த குடும்பம் என்றால் பாங்கால். கோட்டி என்றால் மோகன் பாகான், பாங்கால் என்றால் ஈஸ்ட் பெங்கால் என்பது ஊர்க் கணக்கு. அவ்வளவுதான். "நான் சென்னை, சும்மா பார்க்க வந்தேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "சரி, சென்னை. யார் பக்கம்?" என்று திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றார். அதனால் பதிலை ஊரிலேயே முடிவு செய்துகொண்டு ரயில் ஏறுங்கள். எந்த கேலரியில் உட்காருவது, என்ன சட்டை போடுவது, எந்தப் பாட்டுக்குக் கை தட்டுவது எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். மோகன் பாகான் 1889-ல் ஆரம்பித்த கிளப். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1 என்று தோற்கடித்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடியவர்கள். இன்றைக்கும் ஜூலை 29 அவர்களுக்கு மோகன் பாகான் தினம், அந்தத் தேதியை வைத்து மட்டும் கிண்டல் செய்துவிடாதீர்கள்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது ஒரு ஆட்டக்காரரை உட்கார வைத்ததால். 1920 ஜூலை 28, கூச் பெஹார் கோப்பை, மோகன் பாகானுக்கு எதிராக ஜோராபாகான் ஆடுகிறது. சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்கத்து ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜோராபாகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரியும் அதே பக்கத்துக்காரர், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை, நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, புது கிளப்பே தொடங்கியாகிவிட்டது. பெயரிலேயே ஊரை வைத்துக்கொண்டார்கள்.

1947 வரைக்கும் இது ஊர்ப் பெருமைச் சண்டை. பிரிவினைக்குப் பிறகு கதை மாறிவிட்டது. வீடு, நிலம், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சியால்டா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்களுக்கு, கொல்கத்தாவில் தங்கள் ஊர்ப் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்ல ஒரு இடம் கிடைத்தது. அது கால்பந்து மைதானம். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இவர்கள் வந்தேறிகள், வந்தவர்களுக்கு அவர்கள் திமிர் பிடித்தவர்கள். இந்தக் காயம் புரியாமல் போனால் 90 நிமிடமும் 22 பேர் ஓடுவதுதான் தெரியும், அதுவும் பல ஆட்டங்களில் பயந்து பயந்துதான் ஆடுவார்கள், தோற்கக் கூடாது என்பதுதான் முதல் கவலை.

ஆனால் இதை வைத்துக் கோடு கிழித்ததுபோலப் பிரித்துவிடவும் முடியாது. 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வாங்கிய கோஷ்டோ பால் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர், கொடி கட்டிப் பறந்தது மோகன் பாகானில். சுனி கோஸ்வாமியும் அப்படித்தான், பிறந்தது கிஷோர்கஞ்ச், கிளப் வாழ்க்கை முழுக்க மோகன் பாகான். இன்று ஒரே வீட்டில் அப்பா ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம் என்று இருப்பது சர்வ சாதாரணம். ஆகவே ஒருவரைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கேளுங்கள். கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

சரி, நாம் எந்தப் பக்கம்? நான் ஈஸ்ட் பெங்கால், மறைக்க ஒன்றுமில்லை. தெற்கத்திக்காரனுக்கு அங்கே ஒரு பாத்தியதை இருக்கிறது என்பது என் கட்சி. 1940-களின் கடைசியிலும் 50-களின் தொடக்கத்திலும் அந்த அணியின் முன்வரிசையை 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். 1949, 50, 51 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாக ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன். எனக்குக் கோப்பைதான் முக்கியம் என்றால் மோகன் பாகான் பக்கம் போய்விடுங்கள், தப்பே இல்லை. இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல்.லில் 2023-24-ல் லீக் ஷீல்டு (புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொடுப்பது), 2024-25-ல் ஷீல்டும் கோப்பையும் சேர்த்து அடித்தவர்கள் அவர்கள். எது வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டும் பிடிக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள், இரண்டு பக்கமும் உங்களை நம்ப மாட்டார்கள்.

பெயரில் ஒரு கண்ணிவெடி உண்டு. 2020-ல் ஏ.டி.கே. என்ற இன்னொரு கொல்கத்தா கிளப்போடு இணைந்ததில் மோகன் பாகானின் பெயர் 'ஏ.டி.கே. மோகன் பாகான்' என்று ஆனது. ரசிகர்கள் அந்த மூன்று எழுத்தை எடுக்கச் சொல்லி வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள், 2023-ல் 'மோகன் பாகான் சூப்பர் ஜயண்ட்' என்று மாறியது. நீங்கள் பழைய நினைப்பில் ஏ.டி.கே. என்று வாய் தவறிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

இனி எந்த ஆட்டத்துக்குப் போவது. ஐ.எஸ்.எல்., டூரண்ட் கோப்பை, சூப்பர் கோப்பை, கல்கத்தா லீக் என்று பல இடங்களில் இவர்கள் மோதுவார்கள். கல்கத்தா லீக் டெர்பியில் பெரும்பாலும் இளம் ஆட்டக்காரர்கள்தான் இறங்குவார்கள், முதல் முறைக்கு அது வேண்டாம். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் நடக்கும் ஐ.எஸ்.எல். அல்லது டூரண்ட் டெர்பிதான் சரி. டூரண்டில் இருவரும் சந்திப்பார்களா என்பது குலுக்கலையும் முடிவுகளையும் பொறுத்தது, அந்தத் துணிச்சல் இருந்தால் போங்கள்.

தேதியை நம்பி மட்டும் மொத்தப் பயணத்தையும் போட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரியில் கங்காசாகர் மேளா என்ற புனித நீராடல் திருவிழாவுக்குப் போலீஸ் போய்விட்டதால் டெர்பியையே கௌஹாத்திக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2024 ஆகஸ்ட் 18 டூரண்ட் ஆட்டம் ரத்தே ஆனது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் இரண்டு கிளப் ரசிகர்களும் ஸ்டேடியத்துக்கு வெளியே வந்து கூடினார்கள், ஊரின் மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள், போலீஸ் தடியடிக்கு நடுவே ஒரே கோஷம் போட்டார்கள். நூறு வருடப் பகையாளிகள் ஒருவரை ஒருவர் தோளில் தூக்கி வைத்திருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ரயில் டிக்கெட்டைப் பற்றி: ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற மாதிரி போடுங்கள், கூடவே இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேடியத்துக்குப் போவது இப்போது சுலபம். ஹவுரா ஸ்டேஷனில் இறங்கினால் கீழேயே மெட்ரோ, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போய், சியால்டா வழியாக நேராக சால்ட் லேக் ஸ்டேடியம் நிறுத்தத்தில் விடும். ஸ்டேடியத்தின் முழுப்பெயர் விவேகானந்த யுவபாரதி கிரிராங்கன், உள்ளூரில் 'யுவபாரதி' என்றால் போதும். ஆட்ட நாளில் மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதில்லை, வெளியே நடக்கும் கூத்துதான் பாதி ஆட்டம்.

டிக்கெட் எடுக்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், பக்கத்தைப் பாருங்கள். எந்த கேலரி எந்த கிளப்புக்கு என்பதைப் போட்டிக்குப் போட்டி அறிவிப்பார்கள், வாசலும் தனித்தனி. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த டெர்பியில் கேலரிக் கைகலப்பு நெரிசலாக மாறி 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். 2012 டிசம்பரில் கூட்டத்திலிருந்து வந்த கல் மோகன் பாகான் ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்தில் பட்டு, அந்த அணி இடைவேளைக்குப் பிறகு களமிறங்கவே மறுத்தது. இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை, ஆனாலும் நண்பர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய் உட்காரும் வேலையெல்லாம் வேண்டாம்.

சட்டை விஷயத்தில் நான் அசடு வழிந்தேன், நீங்களாவது தப்பியுங்கள். ஈஸ்ட் பெங்கால் சிவப்பு-மஞ்சள், 'லால் ஹோலுத்' என்பார்கள். மோகன் பாகான் பச்சை-மெரூன். சிவப்புதானே என்று பெட்டியில் இருந்த ஒரு அடர் சிவப்பு டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வெயிலில் அது சிவப்பாகத்தான் தெரிந்தது. மேகம் மூடியதும் மெரூன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் திரும்பி என் தோளில் இரண்டு விரலால் துணியைப் பிடித்து, ஜவுளிக்கடையில் புடவை பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. தன் கழுத்தில் இருந்த மஞ்சள் துண்டை எடுத்து எனக்குப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். வெளியே நடைபாதையிலேயே துண்டும் ஜெர்சியும் விற்பார்கள், அதை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் வெள்ளை.

மூன்று ஸ்கோர் மனப்பாடமாக இருக்கட்டும், உள்ளே பேச்செல்லாம் அதில்தான். ஒன்று 5-0. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் போட்ட ஐந்து. அன்றிரவு ரசிகர்களுக்குப் பயந்து மோகன் பாகான் ஆட்டக்காரர்கள் சிலர் கங்கையில் படகில் ஒளிந்திருந்ததாகச் சொல்வார்கள். இரண்டாவது 5-3, 2009-ல் மோகன் பாகான் திருப்பிக் கொடுத்தது, அதில் நான்கு கோல் சிடி எடேவுடையது. மூன்றாவது 4-1, 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அமல் தத்தா தன் 'டைமண்ட்' வியூகத்தோடு மோகன் பாகானை நடத்திக்கொண்டிருந்தார், எதிரில் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. ஆட்டத்துக்கு முன்னாலேயே இருவரும் பத்திரிகையில் வாய்ச்சண்டை போட்டு ஊரைச் சூடேற்றியதில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம், பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக். ஆட்டம் நடந்த சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இப்போது அவ்வளவு பேர் உட்கார முடியாது. ஆக, மோகன் பாகான் ஆட்கள் நடுவே இருக்கும்போது ஐந்து டீ வேண்டுமென்று கையை விரித்துக் காட்டாதீர்கள். வாயால் சொல்லுங்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள், கேலரியைப் பாருங்கள். ராட்சத பேனர்கள் அப்போதுதான் விரியும், சில சமயம் ஒன்று விரிந்த இரண்டாவது நிமிடம் எதிர்ப்பக்கம் அதற்குப் பதில் சொல்கிற பேனர் விரியும். பெங்காலி படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் கேளுங்கள், கிண்டலை மொழிபெயர்த்துச் சொல்வதில் அவர்களுக்கு ஆட்டத்தைவிட ஆனந்தம்.

நான் போனது 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. ஈஸ்ட் பெங்கால் டெர்பியில் ஜெயித்து நாலரை வருடம் ஆகியிருந்தது, வந்திருந்தவர்கள் ஜெயிக்க வந்த மாதிரி இல்லை, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். 60-வது நிமிடம். நந்தகுமார் வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து அடித்தார். வலை அசைந்ததை நான் பார்த்தேன், அடுத்த நொடியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை, யார் யாரோ மேலே விழுந்தார்கள், செருப்பு ஒன்று போயே போய்விட்டது. அடங்கிய பிறகு அந்தப் பெரியவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "சென்னை! உன் ஊர்க்காரன்!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் அவர் யார் பக்கம் என்று என்னைக் கேட்கவே இல்லை. மூன்றே வாரத்தில் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பத்துப் பேரோடு ஆடிய மோகன் பாகான் 1-0 என்று ஜெயித்துக் கணக்கைத் தீர்த்துவிட்டது. அதை நான் சென்னையில் போனில் பார்த்துத் தொலைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். தோற்ற பக்கத்து கேலரி சீக்கிரம் காலியாகும், ஜெயித்த பக்கம் நகரவே நகராது. அரை மணி நேரம் சீட்டிலேயே இருந்துவிட்டு மெட்ரோவுக்கு நடங்கள். ரயிலில் இரண்டு சட்டையும் இருக்கும், நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம்.

மறுநாள் காலை ஊர் திரும்பும் முன் எழுந்து மீன் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா, நாம் உள்ளம் மீன் என்கிறோமே, அது. மோகன் பாகான் ஜெயித்தால் இறால். எதன் விலை ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். ஆனால் கடைக்காரர் யார் பக்கம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே மட்டும் கேட்காதீர்கள்.