மினி டிராக்டருக்கு கலப்பை எடுக்கப் போறீங்களா? புதுசா பழசான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே நடக்குற தப்புங்க

மினி டிராக்டர் வாங்கின கையோட எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், கலப்பை புதுசாவே எடுத்துடலாமா இல்ல பழசு நல்லதா கிடைச்சா போதுமான்னு. நான் இருக்கிறது திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம், செம்மண்ணு, மண்வெட்டி போட்டா பாதி இடத்துல கல்லுதான் தட்டும். தென்னைக்கு நடுவுல ஓட்டுறதுக்குன்னு 24 எச்பி வண்டி ஒண்ணு வச்சிருக்கேன், இதுவரைக்கும் மூணு கலப்பை மாட்டியாச்சு, ரெண்டு பழசு ஒண்ணு புதுசு. அதுல புரிஞ்சது என்னன்னா பணம் போறது புதுசா பழசாங்கிற இடத்துல இல்ல, நம்ம வண்டிக்கு எது சேரும்னு தெரியாமலே சந்தைக்குப் போறோம் பாருங்க, அங்கதான் போகுது.

பழைய கலப்பை விக்கிற இடத்துக்குப் போயி பாருங்க, வரிசையா நிக்கிறதுல பெரும்பாலும் 40, 45, 50 எச்பி வண்டிக்கு செஞ்சதுதான் இருக்கும். ஒன்பது கொத்து, பதினொரு கொத்து, ரெண்டு சட்டி, மூணு சட்டி இப்படி. கொத்துன்னா மண்ணைக் கிளறுற இரும்புக் கால், சட்டின்னா மண்ணைப் புரட்டுற வட்டத் தகடு. மினி டிராக்டருக்கு அளவான அஞ்சு கொத்து கலப்பை பழசுல வர்றது கம்மி, ஏன்னா அதை வாங்கினவன் சீக்கிரம் விக்க மாட்டான். அதனால விக்கிறவரு என்ன சொல்வாருன்னா, "இதையே எடுத்துக்கோங்க தம்பி, ரெண்டு பக்கமும் வெட்டி அஞ்சாக்கிக்கலாம், இரும்பு கனமா இருக்கு பாருங்க"ம்பாரு. இரும்பு கனமா இருக்குங்கிறது பெரிய வண்டிக்காரனுக்கு நல்ல சேதி, நமக்கு அப்படி இல்ல.

நான் வாங்கின முதல் கலப்பை அப்படி வெட்டினதுதான். ஒன்பது கொத்து ஸ்பிரிங் கலப்பை, ஒரு பட்டறையில கொண்டுபோய் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கொத்து கழட்டி சட்டத்தையும் அறுத்தாச்சு. அறுத்ததுக்கப்புறம் கொத்துங்க முன் வரிசை பின் வரிசைல சரியா மாறி மாறி விழாம, ஒரு பக்கம் ரெண்டு கொழுவுக்கு (கொத்து முனையில மாட்டுற இரும்புக்கு) நடுவுல அகலமா இடைவெளி வந்துடுச்சு. ஓட்டினா அந்த இடத்துல மட்டும் உழாத வரப்பு மாதிரி ஒரு கோடு நிக்கும், வண்டி வேற ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகும், ஸ்டியரிங்கைப் புடிச்சுப் புடிச்சு தோள்பட்டை வலி எடுத்துரும். என் மச்சான் ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு எறங்கி, "மாப்ள இது கலப்பை இல்ல, வண்டிய கொல்றதுக்கு வந்த சாமான்"னாரு. அவரு சொன்னது சரிதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். கொத்து வச்ச இந்த கொக்கிக் கலப்பைக்கு ஒரு கொத்துக்கு சுமாரா நாலுல இருந்து அஞ்சு எச்பி வேணும்னு வச்சுக்கோங்க, மண்ணு இறுக்கமா இருந்தா அஞ்சுக்கும் மேல. 24 எச்பி வண்டிக்கு அஞ்சு கொத்துதான் வசதி, 18 எச்பின்னா அதையும் ஆழம் போடாம மேலாகத்தான் ஓட்டணும். "இழுக்குதே அண்ணே"ன்னு சொல்வாங்க, இழுக்கும், முதல் கியர்ல ரேஸ் குடுத்து இழுக்கும், சக்கரம் சுத்துறதுல பாதி வழுக்கலாப் போயி டீசல் தீரும், டயர் தேயும், கிளட்ச் சீக்கிரம் போகும்.

அடுத்தது வண்டிக்குப் பின்னாடி கலப்பையை மாட்டுற இணைப்பு. இதை யாரும் பாக்குறதே இல்ல, எனக்குத் தெரிஞ்சு அதிகம் பேரு மாட்டுறது இங்கதான். கீழ ரெண்டு, மேல ஒண்ணுன்னு மாட்டுற இந்த மூணு புள்ளி இணைப்புல கேட்டகரி 1, கேட்டகரி 2ன்னு ரெண்டு அளவு பொதுவா புழக்கத்துல இருக்கு. மினி டிராக்டருக்கு பெரும்பாலும் வர்றது கேட்டகரி 1, கீழ் பின்னு 22 மில்லி, டாப் லிங்க் (மேல உள்ள திருகுக் கம்பி) பின்னு 19 மில்லி. பெரிய வண்டிக்குள்ளது கேட்டகரி 2, அதுல கீழ 28 மில்லி, மேல 25 மில்லி. சின்ன பின்னை பெரிய ஓட்டையில புஷ் போட்டு மாட்டிடலாம், ஆனா பெரிய கலப்பையோட 28 மில்லி பின்னு நம்ம வண்டி லிங்க்ல நுழையவே நுழையாது. உடனே லேத்துல குடுத்து பின்னை கடைஞ்சுட்டா சரியாப் போச்சுன்னு நினைக்கிறோம், ஆனா பின்னு மட்டும் இல்லீங்க விஷயம். கீழ் பின்னு ரெண்டுக்கும் நடுவுல உள்ள அகலம் கேட்டகரி 1ல 683 மில்லி, 2ல 825 மில்லி. கீழ் பின்னுல இருந்து டாப் லிங்க் ஓட்டைக்கு உள்ள உயரம் 460, 610. அந்த உயரம் ஒத்து வரலன்னா டாப் லிங்க் அளவுக்கு மீறி சரிஞ்சு நிக்கும், எவ்வளவு திருகினாலும் கலப்பை மட்டம் வராது, முன் கொழு ஆழமா போயி பின் கொழு சும்மா மண்ணைத் தடவிட்டு வரும். அதனால கலப்பை பாக்கப் போகும்போது பாக்கெட்ல ஒரு டேப்பு போட்டுட்டுப் போங்க. இந்த நாலு அளவையும் அங்கயே எடுத்துடுங்க, அஞ்சு நிமிசம்கூட ஆகாது.

எடை விஷயத்துல ஒரு தப்பு எண்ணம் இருக்கு, "வண்டிக்கு லிப்ட் 750 கிலோ, கலப்பை 250 கிலோதான, தூக்கிடும்"னு. ஹைட்ராலிக் தூக்கும், முன் சக்கரம்தான் மேல வந்துடும். இந்த 750 கிலோங்கிறது லிங்க் முனையில வச்சு சொல்ற கணக்கு, கலப்பையோட கனம் நிக்கிறது அதுக்கும் பின்னாடி தள்ளி. மினி டிராக்டரோட மொத்த எடையே பெரும்பாலும் ஒரு டன்னுக்குள்ளதான் இருக்கும், பின் அச்சு நடுவுல, தராசு மாதிரி. பின் தட்டுல ஏறினா முன் தட்டு மேல போகத்தான செய்யும். வரப்பு ஏறும்போது முன் சக்கரம் ஒரு சாண் எழும்பினதை நான் சீட்டுல உக்காந்து பாத்திருக்கேன், அன்னைக்கு எம் பையன் மட்கார்டுல உக்காந்திருந்தான். அதுக்கப்புறம் அவனை வண்டியில ஏத்துறதே இல்ல, நீங்களும் ஏத்தாதீங்க. சந்தேகம் இருந்தா பக்கத்துல எடை மேடைக்கு வண்டியை ஓட்டிட்டுப் போயி கலப்பையைத் தூக்கி வச்சுக்கிட்டு முன் சக்கரத்தை மட்டும் மேடையில நிறுத்திப் பாருங்க, வெறும் வண்டி எடையில அஞ்சுல ஒரு பங்காவது முன்னாடி நிக்கணும், 900 கிலோ வண்டின்னா 180 கிலோ. அதுக்குக் கீழ போனா முன்னாடி வெயிட்டு போடணும், இல்ல கலப்பைய மாத்தணும்.

சரி, அளவு சேருது, அஞ்சு கொத்து பழசு ஒண்ணு மாட்டிடுச்சுன்னு வைங்க. இப்ப எதைப் பாக்கணும்ங்கிறதுல எல்லாரும் தலைகீழாப் பாக்குறாங்க. கொழு தேஞ்சிருந்தா "ஐயோ தேஞ்சு போச்சே"ன்னு விட்டுட்டு வந்துடுவாங்க, புது கொழு மாட்டி பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருந்தா வாங்கிடுவாங்க. கொழுங்கிறது செருப்பு மாதிரி, தேயுறதுக்குத்தான் இருக்கு, ரெண்டு போல்ட் கழட்டி திருப்பி மாட்டலாம், ரெண்டு முனையும் தேஞ்சா புதுசு மாத்திக்கலாம், பெரிய செலவில்ல. தேஞ்ச கொழுவோட, பழைய பெயிண்டோட, துருவோட நிக்கிற கலப்பைதான் உங்ககிட்ட உண்மையைப் பேசும். புது பெயிண்ட் அடிச்சதுல வெல்டிங் வச்ச இடம் தெரியாது. என் ரெண்டாவது கலப்பையில கொத்து சட்டத்தோட சேர்ற கொண்டையில விரிசல் விட்டு, மேல மேல வெல்டிங் வச்சு, மக்கு பூசி, நீலப் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. மூணாவது நாள் ஒரு கல்லுல மாட்டி அப்படியே முறிஞ்சுது. முறிஞ்ச வாயைப் பாத்தா பாதி இடம் பழைய துரு, பாதி இடம்தான் புது இரும்பு மினுக்கு. அதாவது விக்கும்போதே அது பாதி முறிஞ்சுதான் இருந்திருக்கு.

அதனால ஒரு ரூபா காசு எடுத்து ஒவ்வொரு மூட்டுலயும் சுரண்டிப் பாருங்க, விக்கிறவரு முகம் சுளிச்சா சுளிக்கட்டும். சின்ன சுத்தியல் இருந்தா சட்டத்தை அங்கங்க தட்டுங்க, நல்ல இரும்பு மணி மாதிரி கணீர்னு கேக்கும், விரிசல் உள்ள இடம் ஓட்டைத் தகரம் மாதிரி சத்தம் குடுக்கும். ஒரு கயிறு எடுத்து சட்டத்தோட ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு அளந்து, அடுத்த ரெண்டு மூலையும் அளங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அரை இஞ்சுக்கு மேல வித்தியாசம் வந்தா சட்டம் கோணிடுச்சுன்னு அர்த்தம், கோணின சட்டத்தை நிமித்தி சரி பண்ணின யாரையும் நான் பாத்ததில்ல. சிமெண்ட் தரையில இறக்கி வச்சா அஞ்சு கொழு முனையும் தரையைத் தொடணும். அப்புறம் ஒவ்வொரு கொத்தையும் கையால பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, முனை ஒரு இஞ்சுக்கு மேல ஆடுச்சுன்னா போல்ட் ஓட்டை முட்டை வடிவமா தேஞ்சிருக்கும், புஷ் போட்டு சரி பண்ணலாம், அந்த காசை விலையில கழிச்சுக் கேளுங்க. ஸ்பிரிங் எல்லாம் ஒரே நீளமா இருக்கான்னு பாருங்க, ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா மத்ததும் போறதுக்கு ரெடியா இருக்குன்னு அர்த்தம். எங்க ஊர் மாதிரி கல்லு மண்ணுக்கு ஸ்பிரிங் இல்லாத கொத்து வேணவே வேணாம், கல்லுல மாட்டினா கொத்து பின்னாடி மடங்கி தப்பிக்கணும், இல்லன்னா அந்த அடி முழுசும் வண்டியோட லிங்க்ல இறங்கும்.

விலை பேசுறதுல ஒரு புது விஷயம் இருக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டருக்கும் உழவு கருவிக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆகிடுச்சு. உதாரணத்துக்கு அடிப்படை விலை 30,000 ரூபா கலப்பைன்னு வைங்க, முன்னாடி 33,600 ஆன இடத்துல இப்ப 31,500. பழசு விக்கிறவங்க இன்னும் பழைய பில்லைக் காட்டித்தான் பேசுறாங்க, "நான் வாங்கினப்ப இவ்வளவு ஆச்சு"ன்னு. அதைக் கேக்காதீங்க, இன்னைக்கு புதுசு என்ன விலைன்னு கடையில எழுதி வாங்கிட்டுப் போயி அதை வச்சு பேசுங்க. 18,000க்கு பழசு கிடைக்குதுன்னா அதோட வண்டி வாடகை, கொழு அஞ்சு, புஷ், போல்ட், வெல்டிங் எல்லாம் கூட்டிப் பாருங்க, 25,000ஐத் தொட்டுடும். பழசுக்கு இத்தனையும் சேர்த்து புது விலையில பாதிக்கு மேல போச்சுன்னா நான் எடுக்க மாட்டேன்.

அதுலயும் சிறு குறு விவசாயிங்க பழசு பக்கம் போறதுக்கு முன்னாடி மானியத்தைக் கேட்டுப் பாக்காதது பெரிய தப்பு, இதை நான் மனசு நொந்துதான் சொல்றேன். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு குறு விவசாயி, பெண்கள், ஆதி திராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மத்தவங்களுக்கு 40 சதவீதமும் குடுக்குறாங்க, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியிலயே பதியலாம், இல்ல வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல நேர்ல கேக்கலாம். ஆனா முதல்ல வாங்கிட்டு அப்புறம் பில்லைக் கொண்டுபோயி நீட்டினா கிடைக்காது, அனுமதி வந்த பிறகுதான் வாங்கணும், அதுவும் அவங்க பட்டியல்ல உள்ள கம்பெனி சாமான்தான். பழசுக்கு மானியமே கிடையாது. எங்க சித்தப்பா அவசரப்பட்டு வைகாசியில கைக்காசு போட்டு எடுத்துட்டு ஆனியில ஆபீஸ் போனாரு, வெறுங்கையோட திரும்பி வந்தாரு.

பழசு வாங்கும்போது கலப்பைக்கு ஆர்சி புக்கெல்லாம் கிடையாதுங்கிறதால கையில காசு குடுத்து தூக்கிட்டு வந்துடுறோம். சட்டத்துல கம்பெனி பிளேட்டும் நம்பரும் இருக்கான்னு பாருங்க, அறுத்து எடுத்திருந்தா தொடவே வேணாம், திருட்டு சாமானா இருக்கலாம். மானியத்துல வாங்கினதா, லோன் பாக்கி இருக்கான்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க.

சட்டிக் கலப்பை ஆசை பத்தியும் சொல்லணும். "அகல உழுறதை விட ஆழ உழு"ன்னு சொல்லிச் சொல்லி மினி டிராக்டருக்கு ரெண்டு சட்டி தேடுறவங்க இருக்காங்க. சட்டிக் கலப்பை தானா மண்ணுக்குள்ள இறங்குறது இல்ல, அதோட கனமும் சட்டி சாஞ்சிருக்குற கோணமும்தான் இறக்குது, கனத்தைக் குறைச்சா மேல உருண்டுட்டுப் போகும், கனத்தை வச்சா நம்ம வண்டி இழுக்காது. சித்திரை கோடை உழவுக்கு வருசம் ஒரு தடவை பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிட்டு சட்டி போட்டு ஓட்டிடுங்க, வேளாண் பொறியியல் துறையிலயும் வாடகைக்கு விடுறாங்க. மத்த உழவெல்லாம் நம்ம அஞ்சு கொத்துக்கு. மண்ணைப் பொடியாக்குற ரொட்டவேட்டர்னா பழசு வேணாம்னே சொல்வேன், பேரிங்கு, ஆயில் சீலு, கியர் பாக்ஸ் உள்ள என்ன நிலைமையில இருக்குன்னு வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது.

புதுசு எடுத்தா மட்டும் கண்ணை மூடிக்கலாம்னு இல்ல. விலை கம்மியா இருக்குற புதுசுல சட்டத்து இரும்பு மெல்லிசா இருக்கும், வெல்டிங்கை முழுசா ஓட்டாம அங்கங்க புள்ளி வச்சிருப்பாங்க. போல்ட் தலையில 8.8ன்னு (போல்ட்டோட பலத்தைக் காட்டுற நம்பர்) அச்சு இருக்கான்னு பாருங்க, ஒண்ணும் எழுதாத சாதா போல்ட்டா இருந்தா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. வாங்கிட்டு வந்து முதல் ஒரு மணி நேரம் ஓட்டினதும் நிறுத்தி எல்லா போல்ட்டையும் ஸ்பானர் போட்டு ஒரு சுத்து இறுக்குங்க, அன்னைக்கு சாயங்காலம் இன்னொரு சுத்து. என் புது கலப்பையில முதல் நாளே ஏழு போல்ட் லூசா இருந்துச்சு, ஒண்ணு நட்டையே காணோம், சாலுக்குள்ள தேடி எடுத்து மாட்டினேன்.