வறுத்தால் போகாது: சத்துமாவுத் தானியத்தில் பூஞ்சை நஞ்சு

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், கே.ஆர்.புரம் பக்கமெல்லாம் வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. புதிதாக இறங்குகிறவர்கள், பழைய ஆட்கள் எப்போதோ செய்து திருத்திக்கொண்ட அதே தவறுகளை மறுபடி முதலிலிருந்து செய்கிறார்கள். கல், வண்டு, தூசி பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நஞ்சு விஷயம் அப்படியல்ல.

வறுத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது

கடையில் ‘மெக்கே ஜோளம்’ என்று கேட்டு வாங்கிவந்த மக்காச்சோள மூட்டையைப் பிரித்ததும் லேசாக ஒரு மக்கல் வாடை. பத்துக் கிலோ வீணாகிறதே என்று மனசு கேட்காது. “நல்லா சிவக்க வறுத்துட்டா போயிடும்க்கா” என்று கடாயில் கொட்டிவிடுவார்கள்.

வாடை போவது உண்மைதான். பூஞ்சையும் செத்துவிடும். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பச்சைப் பூஞ்சை மணிக்குள் விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சாகாது. அது உயிரில்லை, வேதிப்பொருள். முழுதாகச் சிதைய 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் தானியம் கரியாகிவிடும். கடாய் வறுவலில் ஓரளவு குறையலாம்; எவ்வளவு குறைந்தது என்று அடுப்படியில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

எரிச்சல் வருவது இதற்குத்தான்: வறுத்த பிறகு கண்டுபிடிக்க வழியே இருக்காது. பூஞ்சையால் நிறம் மாறிய மணி எது, சூட்டில் சிவந்த மணி எது என்று பிரிக்க முடியாது. மக்கல் வாடை வறுத்த மணத்தில் மறைந்துவிடும். நமக்குக் கிடைத்த எச்சரிக்கை எல்லாவற்றையும் நம் கையாலேயே அழித்துவிட்டு, கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வீட்டுக்கு அந்த மாவை அனுப்புகிறோம்.

1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 397 பேருக்கு ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை கண்டது. 106 பேர் இறந்தார்கள். அதே மக்காச்சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. 1995-ல் தக்காணப் பீடபூமிக் கிராமங்களில் மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் வயிற்றுவலியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்தன. அங்கே நஞ்சு ஃபியூமோனிசின், பூஞ்சை ஃபியூசேரியம். இரண்டு இடத்திலும் யாரும் பச்சையாகத் தின்னவில்லை. சமைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

வேலையெல்லாம் வறுப்பதற்கு முன்பே முடிய வேண்டும். முதலில் சல்லடையில் சலித்து உடைசலையும் தூசியையும் எறியுங்கள். நஞ்சு அதில்தான் கூடுதலாக இருக்கும். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு வெள்ளைத் தட்டில் ஒரு ஆழாக்கு ஒரு ஆழாக்காகப் பரப்பி, முனை கறுத்தது, பச்சைப் பொடி ஒட்டியது, சுருங்கியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவாமல் சில மணிகளில் குவிந்து கிடப்பதால், பொறுக்குவதற்கு நிஜமாகவே பலன் உண்டு. மூட்டையே மக்கல் வாடை அடித்தால் பொறுக்கவும் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தானியத்தில் சட்டம் அனுமதிக்கும் அஃப்ளாடாக்சின் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். பத்து டன் லாரி நூறு நிறையத் தானியம், அதில் மொத்தம் 15 கிராம். கண்ணும் நாக்கும் அளக்கிற விஷயமில்லை இது.

நல்லதோடு கலந்துவிடுவது

கூடவே கூடாது. நல்ல மூட்டையும் கெட்டது.

ஒரு கைப்பிடி பார்த்து வாங்குவது

மூட்டை வாயில் இருக்கும் தானியம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். தரையைத் தொட்ட அடி மூலையில்தான் ஈரம் ஏறியிருக்கும். மேல், நடு, அடி என மூன்று இடத்தில் குத்தூசி போட்டுப் பாருங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் எல்லா மூட்டையிலிருந்தும் எடுத்துக் கலந்து ஐந்து கிலோவாவது சேர்த்து, முழுவதையும் அரைத்த பிறகு அதிலிருந்து பங்கு எடுக்கச் சொல்லுங்கள். கால் கிலோ மணியைக் கொடுத்து ‘இல்லை’ என்று வாங்கிவரும் தாளுக்கு மதிப்பில்லை.

முளைகட்டிய ராகியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை என்று நினைப்பது, அல்லது எதுவுமே பூஞ்சை இல்லை என்று நினைப்பது

முளைவேரைச் சுற்றிப் பஞ்சுபோல நிற்பது வேர்த்தூவி. தண்ணீர் தெளித்தால் வேரோடு படிந்துவிடும். பூஞ்சை இழை மணிக்கு மணி சிலந்திவலைபோல ஓடும், கட்டி கட்டியாக ஒட்டும், நாறும். அப்படி இருந்தால் அந்தத் துணி மொத்தமும் குப்பைக்கு. முளைகட்டியதை விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி ஒரே நாளில் காயவையுங்கள். வெயில் இல்லையென்றால் மின்விசிறிக்கு அடியில்.

மொட்டைமாடி வெயிலை நம்புவது

பெங்களூரில் செப்டம்பர்தான் பெருமழை மாதம். மதியம் சுள்ளென்று அடிக்கும், நாலு மணிக்குத் தூறும். காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்ப்பது போதாது. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசிக்குத் தானியம், அதோடு இரண்டு கரண்டி நன்கு காய்ந்த பொடி உப்பு. குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் சேமிக்கலாம் என்று அர்த்தமில்லை; மாதக்கணக்கில் வைக்க 12 சதவீதம் வரை இறங்க வேண்டும், அதற்கு ஈரமானியில் பார்க்க வேண்டும். வெயில் சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள். ஆறும்போது உள்ளே வியர்த்து, ஓரத்து மணிகள் ஈரமாகும். நிழலில் ஆறவிட்டுக் கட்டி, மரச்சட்டத்தின் மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

காற்றுப்புகாத டப்பா

காயாத தானியத்தைக் காப்பாற்றாது.

கம்பில் கறுப்பு மணியை விட்டுவிடுவது

கதிரில் தேன் ஒழுகல் நோய் வந்த கம்பில், மணியைவிட நீளமாகக் கொம்புபோல ஒரு கரும்பழுப்புத் துண்டு இருக்கும். வாந்தியும் மயக்கமும் தரும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டிக் கிளறினால் அந்தத் துண்டுகள் மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, கம்பை மூன்று தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

ஒதுக்கியதை மாட்டுக்குப் போடுவது

தெருமுனையில் மாடு வைத்திருப்பவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாடு தின்ற நஞ்சு ஒரே நாளில் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. பாலுக்கு அனுமதி கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். பொறுக்கியதைக் கோழிக்கும் புறாவுக்கும்கூட இறைக்காமல் குழி தோண்டிப் புதையுங்கள்.