குழாயைக் கழற்றிப் பாருங்கள்: வீட்டு பீர் கலன்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் பெற வேண்டிய கட்டாயம் 1963இல் நீங்கியது. இங்கு புதிதாகத் தொடங்குவோர் பலரும் இன்றும் ஒரு டப்பா மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறும், 40 பைண்ட், அதாவது சுமார் 23 லிட்டர் பீர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளியுமாகத்தான் தொடங்குகின்றனர். கை கழுவ மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் நானும் செய்து, இப்போது புதியவர்கள் செய்யக் காண்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

குமிழி நின்றதும் பதறுவது

மூடி இறுகப் பொருந்தாவிட்டால் கரியமில வாயு ஓரத்தின் வழியே வெளியேறிவிடும், ஏர்லாக் (மூடியில் செருகி, வாயுவை நீர் வழியே குமிழியாக வெளிவிடும் சிறு குழல்) அசையாது. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாதிருந்தால் நொதித்தல் முடிந்தது என்று கொள்ளலாம்.

குழாயைக் கழற்றாமல் கழுவுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். வாளியின் அடியிலுள்ள குழாய் ஒரே துண்டு போலத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றில் கைப்பிடியுடன் சுழலும் உருளை ஒன்று வெளிக்கூட்டுக்குள் செருகப்பட்டிருக்கும். அவ்விரண்டுக்கும் இடையே கசியும் மால்ட் சாறு அங்கேயே தங்கி, லாக்டிக் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்டும் வளர இடம் கொடுக்கும். அழுக்குப் படலத்தின் மேல் எவ்வளவு கிருமிநீக்கி ஊற்றினாலும் அது அடிவரை சென்று சேராது.

நண்பர் ஒருவரின் பீர் தொடர்ந்து புளித்தது. ஈஸ்டைக் குறை சொன்னார், தண்ணீரைக் குறை சொன்னார், இறுதியில் புதிய வாளியே வாங்கினார்; ஆனால் பழைய குழாயைக் கழற்றி அதிலேயே பொருத்தினார். அந்தக் குழாயைச் சுடுநீரில் சற்று ஊறவைத்து, மரக்கரண்டிக் காம்பால் உருளையை அழுத்தித் தள்ளியபோது, அதன் இடுப்பைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வழவழப்பான ஒரு வளையம் படிந்திருந்தது. நாள்பட்ட மோரின் வாடை அடித்தது. அதற்குள் அவர் சாக்கடையில் ஊற்றிய பீரின் விலையில் டஜன் கணக்கில் குழாய்கள் வாங்கியிருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் உருளையைப் பிரித்து, சோடியம் பெர்கார்பனேட் என்ற சுத்தப்படுத்தும் தூளைக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து அலசுங்கள். பிறகே கிருமிநீக்கியில் நனையுங்கள். மீண்டும் பொருத்தியதும் வெறும் தண்ணீர் நிரப்பி ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சோதனைக்குப் பீர் எடுத்த பின் குழாயின் வாயிலும் கிருமிநீக்கியைத் தெளிக்க வேண்டும். அங்கே நிற்கும் கடைசித் துளிதான் அடுத்த தொல்லைக்கு வித்து.

வெப்ப உணரியைக் காற்றில் தொங்கவிடுவது

நொதித்தல் மும்முரமாக இருக்கும்போது வாளிக்குள் இருக்கும் பீர், சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடாகும். வாளியை வைத்திருக்கும் குளிர்பெட்டியின் காற்று 19 டிகிரியில் இருப்பதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். உணரியை வாளியின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்து மூடுங்கள்.

ப்ளீச்

வாளியைக் கழுவ இது வேண்டாம். மிச்சம் தங்கினால் பீரில் மருந்து வாடை வரும்.

கீறல் விழுந்த வாளி

கீறலுக்குள் கிருமிகள் தங்கிவிடும். அதில் இனி பீர் வேண்டாம், தானியம் கொட்டி வையுங்கள்.