கதவு சத்தத்துக்கே உடம்பு நடுங்கினால்: தூண்டுதலைக் கண்டுபிடித்துக் கையாளும் முறை

பக்கத்து அறைக் கதவு டமார் என்று சாத்திக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை சில்லிடுகிறது, எதிரில் இருப்பவர்மேல் எரிந்து விழுகிறீர்கள். சாத்தியது காற்றுதான் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, நிதானமாக யோசிக்கும் பகுதி விழித்துக்கொள்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. பழைய சம்பவத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு வாசனை, ஒரு குரல், காலண்டரில் ஒரு தேதிகூட அந்த மணியை அடிக்கும். இதைத்தான் தூண்டுதல், அதாவது ட்ரிகர் என்கிறோம்.

முதல் வேலை, பழைய கதையைக் கிளறுவது அல்ல. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: நேரம், இடம், உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு கடுமை, அடங்க எத்தனை நிமிடம். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதும் வேண்டும். தூக்கம் கெட்ட மறுநாள் 4 ஆக இருக்க வேண்டியது 8 ஆகிவிடலாம். பலரும் சறுக்குவது ஒரே இடத்தில். 'மேலாளரோடு சண்டை' என்று எழுதிவிட்டு மூடிவிடுவார்கள். அது விளைவு. சண்டைக்கு முந்தைய பத்து நொடியை எழுதுங்கள்: 'பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார், எனக்குத் தொண்டை அடைத்தது.' தூண்டுதல் அந்தத் தட்டலில் இருக்கலாம்.

தூண்டுதல் தாக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது எளிது. 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். 'ஆழமா மூச்சு விடு' என்று யாரோ சொன்னதற்காக வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், பயம் இன்னும் கூடும். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் ஏறுபவர்களும் உண்டு. அவர்கள் அதை விட்டுவிட்டு, கண்ணைத் திறந்தபடி, பார்க்கும் 5 பொருள், தொட்டு உணரும் 4, கேட்கும் 3, முகரும் 2, சுவைக்கும் 1 என்று வாய்விட்டுச் சொல்லலாம். இன்றைய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடம்பு பழைய நாளில் போய் நின்றிருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் அமைதியான வேளையில் தினம் இரண்டு முறை பழக வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

அடுத்து, ஒதுங்கிப்போகும் பழக்கம். கதவுச் சத்தம் கேட்கும் இடத்துக்கே போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் அந்தச் சத்தத்தால் இப்போது ஆபத்தில்லை என்று மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. பயம் அடுத்தடுத்த இடங்களுக்கும் பரவும். படிப்படியாக ஏறுங்கள். மெதுவாக நீங்களே கதவைச் சாத்துவது, கொஞ்சம் பலமாகச் சாத்துவது, சொல்லிவிட்டு இன்னொருவர் சாத்துவது, சொல்லாமல் சாத்துவது. 3 அல்லது 4 மதிப்பெண் உள்ள படியில் தொடங்கி, பதற்றம் பாதியாகும்வரை அங்கேயே நில்லுங்கள். உச்சத்தில் ஓடிவந்துவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்ற பாடமே பதியும்.

இதெல்லாம் சிறு தூண்டுதல்களுக்குத்தான். வன்முறை, பாலியல் கொடுமை, விபத்து போன்றவற்றின் நினைவைத் தனியாக உட்கார்ந்து தோண்ட வேண்டாம். சம்பவம் கண்முன் திரும்ப ஓடுவது, கெட்ட கனவு, திடுக்கிடுதல் எல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் மனநல நிபுணரிடம் போங்கள். ட்ராமாவை, அதாவது மனக்காயத்தை மையப்படுத்தி எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண்களை இடவலமாக அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. மது தற்காலிகமாக மரத்துப்போகச் செய்யும், தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் நோட்டிலேயே அது தெரியும். உயிரை விடும் எண்ணம் வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

நிபுணருடனான முதல் சந்திப்பில் கேளுங்கள்: எந்த முறை, எத்தனை அமர்வு, நடுவில் தாங்க முடியாவிட்டால் என்ன செய்வோம்? முதல் நாளே முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும் என்று வற்புறுத்தினால் மறுக்கலாம். பழைய நினைவைத் தொடும் அமர்வு உள்ள நாளில் மாலை வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றிரவு கனவுகள் கொஞ்சம் கூடினால் அதையும் நோட்டில் குறித்து அடுத்த முறை காட்டுங்கள்.