மூலிகைச் சாறு சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: செல் இல்லாத குழி எங்கே?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் முதல் பிஎச்.டி. வரை, ஒரு மூலிகையின் சாற்றை எடுத்து 'நொதியைத் தடுக்கிறது, புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது' என்று முடிக்கும் ஆய்வுகளுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. அவற்றில் பல சறுக்குவது விலையுயர்ந்த கருவி இல்லாததால் அல்ல. 96 குழி பிளேட்டில் (சிறு சிறு சோதனைக் குழிகள் கொண்ட தட்டு) கூடுதலாகச் சில குழிகளை ஒதுக்காததால்தான்.

கடுக்காயை எடுத்துக்கொள்வோம். அதன் துவர்ப்புக்குக் காரணம் தானின். தானின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை வீழ்படிவாக்கும். தோல் பதனிடக் கடுக்காயைப் பயன்படுத்தியதே இதனால்தான். நொதியும் புரதம்தானே? அதனால் கடுக்காய்ச் சாற்றை எந்த நொதியோடு கலந்தாலும் ஓரளவு 'தடுப்பு' வந்துவிடும். ஆல்பா குளுக்கோசிடேஸ் (மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது), டைரோசினேஸ் (தோல் நிறமிக்கானது), அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் (நரம்புச் சைகைக்கானது) என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றிலும் ஒரே சாறு அசத்தினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 (சோப்பு போன்ற பொருள்) அல்லது கொஞ்சம் ஆல்புமின் (தானின் ஒட்டிக்கொள்ள வேறொரு புரதம்) சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடுப்பு காணாமல் போனால், அது அந்த நொதிக்கென்று அமைந்த தடுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் நிறம். ஆல்பா குளுக்கோசிடேஸ் சோதனையில் உருவாகும் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் அளக்கிறோம். பல இலைச்சாறுகளும் அங்கேயே ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு செறிவுக்கும் நொதி சேர்க்காத ஒரு பிளாங்க் (சாற்றின் நிறத்தை மட்டும் அளக்கும் குழி) வைத்துக் கழிக்காவிட்டால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

இதே சோதனையில் இன்னொரு பொறி உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் வாங்குவது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதி. ஒப்பீட்டுக்கு வைக்கும் அகார்போஸ் என்ற நீரிழிவு மருந்தோ பாலூட்டிகளின் குடல் நொதியை வலுவாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியை மிகப் பலவீனமாகத்தான் தடுக்கும். 'எங்கள் சாறு அகார்போஸைவிடச் சிறந்தது' என்ற வரி இத்தனை கட்டுரைகளில் வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். எலியின் குடல் நொதியில் ஒருமுறை சோதித்தால் குட்டு உடைந்துவிடும்.

புற்றுநோய்ப் பக்கம் வந்தால், எல்லோரும் செய்வது எம்டிடி சோதனை. உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். ஊதா கூடினால் செல் பிழைத்திருக்கிறது என்று கணக்கு. ஆனால் நெல்லி, கடுக்காய், தேயிலை போன்றவற்றில் உள்ள பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கக்கூடும். செல் செத்திருந்தாலும் வாழ்வதாகக் காட்டும். சாறும் எம்டிடியும் மட்டும் உள்ள, செல் இல்லாத குழிகளை வையுங்கள். அங்கே ஊதா தெரிந்தால், எம்டிடி சேர்க்கும் முன் வளர்ப்பு ஊடகத்தை (செல் வளரும் திரவத்தை) எடுத்துவிட்டுச் செல்களைக் கழுவுங்கள். ட்ரிபான் ப்ளூ (செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயம்) போன்ற வேறொரு முறையிலும் சரிபாருங்கள்.

நேர்மாறான ஏமாற்றும் உண்டு. காலிக் அமிலம் போன்ற தாவரச் சேர்மங்கள் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லைக் கொல்வது அந்தப் பெராக்சைடாக இருக்கலாம். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும் செல் பிழைத்துக்கொண்டால் விஷயம் தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பானின் இறுதிச் செறிவு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே அளவு டிஎம்எஸ்ஓ உள்ள கன்ட்ரோல் கட்டாயம். எம்சிஎஃப்-7, ஹீலா போன்ற புற்றுநோய்ச் செல்கள் மட்டும் போதாது, ஒரு இயல்பான செல் வகையும் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் கொன்றால் அது வெறும் நஞ்சு. சுத்திகரிக்காத சாற்றுக்கு ஐசி50 (பாதிச் செல்களை முடக்கத் தேவையான செறிவு) மில்லிலிட்டருக்கு 20–30 மைக்ரோகிராமுக்குள் இருந்தால்தான் பொதுவாகக் கவனிப்பார்கள். 300 வந்ததை 'சிறந்த செயல்திறன்' என்று எழுதுவது நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்வது.

செடி எது என்பதிலேயே கோட்டை விடுபவர்களும் உண்டு. கீழாநெல்லி என்ற பெயரில் கடைச்சரக்கில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல இனங்கள் கலந்து வரும். பூவோ காயோ உள்ள மாதிரியை உலர்த்தி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தென்மண்டல ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) அல்லது திருச்சி ராபினாட் ஹெர்பேரியம் போன்ற இடத்தில் அடையாளம் காணச் செய்து, மாதிரி எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள்.

கடைசியாக, தலைப்பு. சோதனைத் தட்டில் கிடைத்த முடிவுக்கு 'புற்றுநோய் மருந்து' என்றல்ல, 'செல் நச்சுத்தன்மை' என்றே பெயரிடுங்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் தட்டில் எத்தனையோ வகைப் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றிருக்கிறது. ஆனால் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.